மழை லீவில் பிளாக்ஸ்: பத்து நிமிடத்தில் ஏன் சலித்துப்போகிறது?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. சென்னையில் அடுக்குமாடி வாடகை வீடு, ஒரே ஹால். ஏழு வயதில் ஒரு பெண், மூன்றரை வயதில் ஒரு பையன். ஐப்பசி பிறந்துவிட்டால் அடிக்கடி மழை லீவு. ஆன்லைனில் நூறு துண்டு பிளாக்ஸ் செட் வாங்கிக் கொடுத்தும் பத்தே நிமிடத்தில் தூக்கிப் போட்டுவிட்டு போன் கேட்கிறார்கள். அக்கா கட்டுவதைத் தம்பி இடித்துத் தள்ள, அடிதடி வேறு. விளையாட்டை எப்படி நீட்டிப்பது, வேறு எந்த செட் வாங்கலாம்?

பத்து நிமிடத்தில் சலிப்பதற்குப் பெரும்பாலும் அந்த செட்தான் காரணம். பெட்டியைக் கொட்டிப் பாருங்கள். சக்கரம், ஜன்னல், பூ, வேலி, பொம்மைத் தலை என்று பாதி போயிருக்கும். மீதியிலும் ஒரே அளவில் பத்துத் துண்டு சேர்ந்தாற்போல் கிடைக்காது. மூடியில் ஒரு வீட்டின் படம். அதைக் கட்டி முடித்தால் ஆட்டம் ஓவர், கட்ட வரவில்லை என்றாலும் ஓவர். சுவர் எழுப்ப ஆரம்பிக்கும் குழந்தைக்கு ஒரே மாதிரிக் கட்டை வேண்டும், அதுவும் நிறைய. மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. "பிள்ளைகள் பிளாக்ஸ் மூலைக்கே போவதில்லை" என்று புகார் வரும் வகுப்புகளில் நான் முதலில் எண்ணிப் பார்ப்பது இதைத்தான்.

இதை நூறு வருடங்களுக்கு முன்பே யோசித்துச் செய்தவர் கரோலின் பிராட். மரவேலை தெரிந்தவர், 1914-ல் நியூயார்க்கில் பள்ளி தொடங்கியவர். அவர் வடிவமைத்த யூனிட் கட்டையின் நீளம் ஐந்தரை அங்குலம். அதில் பாதி அகலம், அகலத்தில் பாதி கனம். பெயின்ட் இல்லை, படம் இல்லை. இரண்டு அரைக் கட்டை சேர்ந்தால் ஒரு முழுக் கட்டை, இரண்டு முழுக் கட்டை சேர்ந்தால் ஓர் இரட்டைக் கட்டை. ஒரு அளவு தீர்ந்துபோனால் வேறு இரண்டை வைத்து ஈடு கட்டிவிடலாம் என்று குழந்தை தானாகவே கண்டுபிடிக்கிறது. பின்னக் கணக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது, நாம் வாயைத் திறக்காமலே.

அவருக்கும் முன்னால், 1830-களில், ஜெர்மனியின் ஃப்ரெட்ரிக் ஃப்ரோபெல் இரண்டு அங்குலக் கனசதுரம் ஒன்றை எட்டாக வெட்டி ஒரு சின்னப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். கிண்டர்கார்டன் என்ற பெயரையே வைத்தவர் அவர்தான். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாயிட் ரைட் சின்ன வயதில் அந்தக் கட்டைகளோடு விளையாடியவர். தன் வேலையில் அதன் பாதிப்பு இருப்பதாகப் பிற்காலத்தில் எழுதியும் இருக்கிறார். இந்தக் கதையைச் சொல்லி "உங்கள் பிள்ளையும் ஆர்க்கிடெக்ட்" என்று விற்க வருபவர்களிடம் மட்டும் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததாலோ என்னவோ, நம் ஊரில் பிளாக்ஸ் என்றதும் பலர் அவருடைய பிங்க் டவரை வாங்குகிறார்கள். ஒரு செ.மீ. முதல் பத்து செ.மீ. வரை பத்துக் கனசதுரங்கள். அளவு வரிசையில் அடுக்குவதற்காகச் செய்தது அது. அதில் சரியான அடுக்கு ஒன்றே ஒன்றுதான். அதன் வேலைக்கு அது நல்ல பொருள். ஆனால் உங்கள் வீட்டுப் பிரச்சினைக்கு அது உதவாது.

பிராட்டின் கட்டையை இங்கே செய்துகொள்வது சுலபம். மரக்கடையில் ரீப்பர் என்று கேளுங்கள், ஓட்டு வீட்டுக் கூரைக்கு அடிக்கும் நீளச் சட்டம். இரண்டுக்கு ஒன்று (இரண்டு அங்குல அகலம், ஒரு அங்குலக் கனம்) ரீப்பரை நான்கு அங்குலமாக அறுத்தால் கனம், அகலம், நீளம் மூன்றும் ஒன்று, இரண்டு, நான்கு என்ற அதே விகிதத்தில் வந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: இழைக்கும்போது அளவு குறையும். எனவே முதலில் இழைக்கச் சொல்லி, அகலம் கனத்தில் சரியாக இரண்டு மடங்கு இருக்கும்படி பார்த்து, அப்புறம் நீளத்தை அளந்து அறுக்கச் சொல்லுங்கள். இழைத்து ஒன்றரைக்கு முக்கால் என்று வந்தால் நீளம் மூன்று அங்குலம், அவ்வளவுதான். அரை மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தாலும் பத்தாவது அடுக்கில் கோபுரம் சாய்ந்துவிடும், அதனால் ஆசாரியிடம் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கு முழுக் கட்டை 60, இரட்டை 20, அரை 30 இருந்தால் தாராளம். நான்கு அங்குலக் கணக்கில் 38 அடிக்குக் கொஞ்சம் மேல் ரீப்பர் பிடிக்கும், அறுக்கும் சேதாரம் தனி. முனைகளையும் விளிம்புகளையும் உப்புத்தாள் போட்டு நன்றாக மழுங்கத் தேய்த்துவிட்டால் போதும், வார்னிஷ் தேவையில்லை. ஒரு துண்டைத் திருப்பி உங்கள் கன்னத்திலேயே தேய்த்துப் பாருங்கள், சிராய் இருந்தால் தெரிந்துவிடும். பேக்கிங் பெட்டி மரம் சும்மா கிடைக்கிறதே என்று எடுத்தால் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். 'MB' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் பூச்சி மருந்துப் புகை போட்ட மரம், வேண்டாம்.

மழைக்காலத்தில் மரம் ஈரம் இழுக்கும். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக்கி மூடினால் பூஞ்சை பிடித்துவிடும். காற்று போகும் பிரம்புக் கூடையோ துணிப்பையோ நல்லது. மழைவிட்டு வெயில் எட்டிப் பார்க்கும்போது ஒரு மணி நேரம் பால்கனியில் காய வையுங்கள்.

அடுத்தது இடம். இதைப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. ஜமுக்காளத்தின் மேலோ கோரைப்பாயின் மேலோ நாலு அடுக்கு நிற்பதே கஷ்டம். வெறும் டைல்ஸ் தரை என்றால் நிற்கும், ஆனால் மழை நாளில் சில்லென்று இருக்கும், விழும் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். ஜமுக்காளத்தை விரித்து, அதன் மேல் ஒரு பலகை போடுங்கள். உட்காரும் மணை, பழைய கேரம் போர்டு, கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பிளைவுட் துண்டு, எதுவானாலும் சரி. கட்டடம் பலகையில், பிள்ளைகள் ஜமுக்காளத்தில். இதில் இன்னொரு லாபமும் உண்டு: சாப்பாட்டு நேரத்தில் பலகையோடு அலுங்காமல் ஓரமாக நகர்த்தி வைத்துவிடலாம்.

கலைக்காமல் வைப்பது உங்கள் கேள்விக்கே பாதி பதில். சாயங்காலம் ஹாலைப் பெருக்குகிறோம் என்று எல்லாவற்றையும் அள்ளிக் கூடையில் போட்டுவிட்டால், மறுநாள் குழந்தை பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதே பத்து நிமிட வீட்டைத்தான் மறுபடி கட்டும். நேற்றைய சுவர் அப்படியே நின்றால் காலையில் எழுந்ததும் பல் துலக்கும் முன்பே போய் இரண்டு கட்டை சேர்க்கும். வீடு கொஞ்சம் அலங்கோலமாகத்தான் இருக்கும். மழை நாளில் யார் வரப்போகிறார்கள்?

மற்ற பொம்மைகளை மூட்டை கட்டிப் பரணில் போடுங்கள். 2018-ல் அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில், தவழ்ந்து நடை பழகிய வயதுப் பிள்ளைகளை ஒரு முறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விட்டுப் பார்த்தார்கள். குறைவாக இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடினார்கள். உங்கள் பிள்ளைகள் அதைவிடப் பெரியவர்கள்தான், ஆனால் வகுப்பறையில் நான் பார்ப்பதும் இதையேதான். போனும் அந்தப் பட்டியலில் சேரும். கண்ணில் படும் இடத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் எந்தக் கட்டையாலும் அதோடு போட்டி போட முடியாது. முதல் இருபது நிமிடம் நச்சரிப்பார்கள், "போரடிக்குது" என்று காலைச் சுற்றுவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் ஓடிவந்து "வா, நாம கோட்டை கட்டலாம்" என்று இறங்கினால், இனி ஒவ்வொரு தடவையும் நீங்கள்தான் இறங்க வேண்டியிருக்கும். அடுப்படியில் உங்கள் வேலையைப் பாருங்கள். மழை லீவில் கிடைக்கும் பெரிய விஷயமே டியூஷன், ஹோம்வொர்க், வேன் ஹாரன் எதுவும் குறுக்கிடாத நாலைந்து மணி நேரம். கட்டைகளுக்கும் அதுதான் வேண்டும். அதை நாமே துண்டுபோட்டுவிடக் கூடாது.

சரி, அக்கா தம்பி சண்டைக்கு வருவோம். இருவரும் ஒரே விளையாட்டு விளையாடுவதாக நமக்குத் தோன்றுகிறது, நிஜத்தில் இரண்டும் வெவ்வேறு. ஹாரியட் ஜான்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் 1933-லேயே பிள்ளைகள் கட்டைகளை எந்தப் படியாகக் கையாள்கிறார்கள் என்று பார்த்து எழுதிவைத்தார். முதலில் தூக்கிக்கொண்டு அலைவது. அப்புறம் மேலே மேலே அடுக்குவது, தரையில் வரிசையாக நீட்டுவது. அதன்பின் இரண்டு கட்டைக்குக் குறுக்கே ஒன்றை வைத்துப் பாலம், நாலு பக்கமும் மூடிய அடைப்பு, இரண்டு பக்கமும் ஒத்த அழகு வடிவங்கள். கடைசியில்தான் "இது எங்க ஸ்கூல்" என்று முன்கூட்டியே பெயர் வைத்துக் கட்டுவது. உங்கள் பையன் நடுவில் எங்கோ இருக்கிறான், பெண் கடைசிப் படியில். வாளியில் கட்டைகளைப் போட்டு ஹாலைச் சுற்றி வந்து கொட்டினால் அதுவும் அவனுக்கு விளையாட்டுதான். "ஒழுங்கா கட்டு" என்று சொல்ல வேண்டியதில்லை.

இடிப்பதும் அப்படித்தான். தன் கை பட்டால் இவ்வளவு பெரியது விழுகிறதே என்ற ஆச்சரியம் மூன்று வயதில் தீராது. அதைத் தடுப்பதைவிட இடம் மாற்றிக் கொடுப்பது எளிது. அக்காவின் கட்டடம் சாப்பாட்டு மேசையின் நடுவில், அவன் கைக்குச் சுலபமாக எட்டாதபடி இருக்கட்டும், பலகை போட்டு. கீழே ஜமுக்காளத்தில் "இடிக்கிற கோபுரம்" என்று ஒன்று அவனுக்கே அவனுக்கு. கட்டைகளையும் எண்ணி இரண்டு கூடையாகப் பிரித்துவிடுங்கள். பொதுக் கூடை என்றால் சண்டை நிச்சயம். கொஞ்ச நேரம் கழித்து அக்காவே கீழே இறங்கி "நான் கட்டுறேன், நீ இடி" என்பாள். அது நடந்தால் சந்தோஷம், நடக்கவில்லை என்றாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த கட்டம் பாலம். இரண்டு தூண் வைத்து மேலே ஒரு கட்டை போடக் குழந்தை கற்றுக்கொண்டதும், தூண்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிப் பார்க்கும். ஒரு கட்டத்தில் குறுக்குக் கட்டை எட்டாமல் விழுந்துவிடும். உடனே நீளக் கட்டையை எடுத்து நீட்டாதீர்கள், காத்திருங்கள். சில பிள்ளைகள் தூண்களை நெருக்கிவிடுவார்கள். சில பிள்ளைகள் நடுவில் மூன்றாவது தூண் வைப்பார்கள். எப்போதாவது ஒரு பிள்ளை தூணின் தலையில் ஒரு கட்டையை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும்படி குறுக்காக வைத்து, அதன் முனையிலிருந்து பாலத்தை ஆரம்பிக்கும். நம் கோயில் மண்டபங்களில் தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே இருக்கும் போதிகை இதே வேலையைத்தான் செய்கிறது. கருங்கல் எவ்வளவு பாரத்தையும் தாங்கும், ஆனால் நீளமாகக் கிடத்தி நடுவில் சுமை ஏற்றினால் வளையத் தெரியாமல் விரிசல் விட்டுவிடும். போதிகை இரண்டு பக்கமும் கை நீட்டி அந்த இடைவெளியைக் குறைக்கிறது. அடுத்த முறை கபாலீஸ்வரர் கோயிலுக்கோ காஞ்சிபுரத்துக்கோ போகும்போது உங்கள் பெண்ணை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அவள் வீட்டில் ஒரு தடவை பாலம் விழுந்து அவஸ்தைப்பட்ட பிறகு. முன்கூட்டியே சொன்னால் அது பாடமாகிவிடும்.

ஏழு வயதுக்கு இன்னொரு சவால் கொடுக்கலாம். ஒரே அளவுக் கட்டை ஐந்து. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேல் கட்டை அடிக்கட்டைக்கு முழுவதும் வெளியே தொங்கும்படி வைக்க வேண்டும், ஒட்டவோ முட்டுக்கொடுக்கவோ கூடாது. முடியாது என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்குப்படி முடியும். மேல் கட்டை அடுத்ததற்கு வெளியே பாதி நீளம், அடுத்தது கால், அதற்கடுத்தது ஆறில் ஒன்று, அதற்கும் கீழே எட்டில் ஒன்று நீட்டினால் கூட்டுத்தொகை 25/24, ஒன்றைவிடத் துளி அதிகம். நாலு அங்குலக் கட்டையில் முறையே இரண்டு, ஒன்று, மூன்றில் இரண்டு, அரை அங்குலம். ஐந்து கட்டையில் கையால் நிறுத்துவது கத்திமுனை விவகாரம், ஏழு எட்டு எடுத்துக்கொண்டால் வரும். விடையைச் சொல்லாமல் விட்டால் ஒரு மழை மதியம் முழுக்க ஓடும், அப்பாவும் வந்து உட்கார்ந்துவிடுவார்.

மழையையே விளையாட்டுக்குள் இழுக்கலாம். கட்டை வீட்டுக்குப் பால் கவரையோ கேக் பெட்டி அட்டையையோ கூரையாகப் போட்டு, பாத்ரூமில் வைத்து மக்கிலிருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். தட்டைக் கூரையில் நீர் தேங்கி நடுவில் தொய்ந்து உள்ளே ஒழுகும். சாய்த்து வைத்தால் வழிந்து ஓடும். நாகர்கோவில் பக்கம் ஓட்டு வீடுகள் ஏன் அவ்வளவு சரிவாக இருக்கின்றன, நம் மொட்டை மாடியில் தண்ணீர் போக ஏன் மூலையில் ஓட்டை என்ற பேச்சு தானாக வரும். இந்த விளையாட்டுக்கு மட்டும் மரக்கட்டை வேண்டாம், பழைய பிளாஸ்டிக் செட்டை எடுங்கள். கரண்ட் போய்விட்டால் இன்னும் நல்லது. கட்டை ஊருக்குப் பின்னால் டார்ச் அடித்தால் சுவர் முழுக்க நிழல் நகரம். டார்ச்சை நெருக்கினால் கட்டடம் பெரிதாகும், விலக்கினால் சிறிதாகும். மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம்.

பேச்சு என்றதும் ஒன்று. "என்ன கட்டுற?" என்று கேட்காதீர்கள். சின்னவனுக்கு அதற்குப் பதில் தெரியாது, நம் திருப்திக்காக "வீடு" என்பான், அப்புறம் அது வீடாகவே இருந்தாக வேண்டும். பார்த்ததைச் சொன்னால் போதும்: "இந்தப் பக்கம் ரெண்டு அடுக்கு கூட இருக்கே", "அந்த இடுக்குல கார் நுழையுமா?" மேலே, அடியில், குறுக்கே, நெடுக, விளிம்பு, ஓரம், இடுக்கு, சரிவு, முட்டு என்று இடத்தைக் குறிக்கும் சொற்கள் பிளாக்ஸ் விளையாட்டில் இயல்பாகக் கொட்டும். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஒரு இலக்கோடு கட்டும்போது இத்தகைய சொற்கள் மிக அதிகமாகப் புழங்குவதாக 2011-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆகவே எப்போதாவது நீங்களும் உட்கார்ந்து சேர்ந்து கட்டுவதில் தப்பில்லை, எப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். 2007-ல் வந்த இன்னொரு ஆய்வில், ஒன்றரை முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகளின் வீட்டுக்கு பிளாக்ஸ் கொடுத்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது பேச்சு வளம் கூடியிருந்தது, கவனக் குவிப்பில் வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வுக்குப் பணம் தந்தது ஒரு பிளாக்ஸ் கம்பெனி என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். "கவனம் வளரும்" என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் நான் அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கமாட்டேன்.

பெண்ணுக்கு மரக்கட்டை பழகிவிட்டால், பொம்மைகள் வழியே அறிவியல் சொல்லித்தரும் அர்விந்த் குப்தாவின் தீக்குச்சி மெக்கானோ இருக்கிறது. 1970-களின் இறுதியில் மத்தியப் பிரதேச ஹோஷங்காபாத்தில் கிராமப் பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்தபோது அவர் உருவாக்கியது. சைக்கிள் கடையில் வால்வு டியூப் ஒரு மீட்டர், மருந்தைச் சுரண்டிய தீக்குச்சிகள், முடிந்தது செலவு. டியூபைச் சின்னத் துண்டுகளாக வெட்டி மூட்டாக்கிக் குச்சிகளைச் செருகினால் முக்கோணம், சதுரம், கூண்டு எல்லாம் வரும். சதுரம் தொட்டால் சாயும், முக்கோணம் அசையாது. மின்கோபுரத்தில் ஏன் அத்தனை குறுக்குச் சட்டம் என்று அவளே ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்வாள். தம்பி தூங்கும் நேரத்தில் மட்டும் வைத்துக்கொள்ளட்டும். அவன் வாயில் போடும் அளவுத் துண்டுகள் அவை.

எந்த செட் வாங்கலாம் என்பதற்கு என் பதில், முதலில் ரீப்பர். கடைச் சரக்குதான் வேண்டும் என்றால், ஒரே அச்சில் வரும் செருகு பிளாக்ஸில் லெகோ வகைக்கு நிகரில்லை. எட்டுக் குமிழ் வைத்த ஒரே மாதிரித் துண்டு ஆறை 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1958-ன் துண்டு இன்றைய துண்டோடும் பொருந்தும், அதனால் பழையது கிடைத்தாலும் வாங்கலாம். விமானம், கோட்டை என்று படம் போட்ட செட்டைத் தவிர்த்து, வெறும் துண்டுகள் நிறைந்த டப்பாவாகப் பாருங்கள். பையனுக்கு லெகோவின் டூப்லோ. எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு அளவு, அக்காவின் சின்னத் துண்டுகள் அதன் மேல் பொருந்தும். ஓரத்தில் காந்தம் வைத்து ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தகடுகளான காந்த டைல்ஸ் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மலிவுச் சரக்கில் ஓரம் விரிந்து உள்ளே இருக்கும் காந்தம் வெளியே வந்துவிடும், இரண்டு காந்தத்தை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஆபரேஷன் வரை போகும். உங்கள் வீட்டில் மூன்றரை வயது இருக்கும்வரை அது வேண்டாம் என்பேன். எது வாங்கினாலும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள், 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். ஏற்கெனவே வாங்கிய நூறு துண்டு செட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் சக்கரம், பூ, பொம்மைத் தலைகளைத் தனி டப்பாவில் வைத்து, மரக்கட்டையில் ஊர் ஒன்று எழும்பிய பிறகு கொடுங்கள், அப்போது அந்த ஊருக்கு ஆட்கள் தேவைப்படுவார்கள்.